மரக் கயாக்கின் அடியில் பைபர் தேய்ந்துவிட்டது: மேட் போட்டு மூடலாமா?

கேள்வி இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் ஓட்டுவதற்காக வீட்டிலேயே கட்டிய கயாக் (துடுப்பால் ஓட்டும் சிறு ஓடம்). 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், நீளம் 4.5 மீட்டர், மேலே எப்பாக்சி ரெசினில் ஒரு சுற்று பைபர் துணி (கண்ணாடி இழைத் துணி), சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை. நான்கு வருஷம் ஓடியிருக்கிறது. இப்போது அடியில் நடுவே நெடுக துணியின் நெசவு தெரிகிறது. பின்முனையில் ஒரு சாண் நீளத்துக்குத் துணி நைந்து, உள்ளே மரம் கறுத்திருக்கிறது. வள்ளத்துக்கு பைபர் போடுகிறவர் "ரெண்டு மேட் வச்சு ரெசின் அடிச்சா போதும்" என்கிறார். மேட் என்பது நெய்யாமல், வெட்டிய கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு. அப்படிச் செய்யலாமா?

செய்ய வேண்டாம். அவர் தொழில் தெரியாமல் சொல்லவில்லை. பைபர் வள்ளத்துக்கு அது சரியான வழி. அங்கே பைபர்தான் உடம்பு. அவர் அடிக்கும் ரெசின் பாலியெஸ்டர்; பாலியெஸ்டர் மேல் பாலியெஸ்டர் பிடிக்கும். உங்கள் கயாக்கில் உடம்பு மரம், பைபர் அதன் தோல். அந்தத் தோல் மரத்தை விட்டுப் பிரியாமல் இருந்தால்தான் கயாக் கயாக்காக இருக்கும். பாலியெஸ்டர் ரெசின் காயும்போது எப்பாக்சியைவிட அதிகமாகச் சுருங்கும்; மரத்திலும் சரி, காய்ந்த எப்பாக்சியின் மேலும் சரி, பிடிப்பு குறைவு. ஒரு மழைக்காலம் தாண்டியதும் ஓரம் தூக்கும், அந்த இடுக்கில் தண்ணீர் போகும், வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே பிளைவுட் உளுத்துக்கொண்டிருக்கும்.

எடையையும் பாருங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் அதன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ஒரு சுற்றே சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. உங்கள் கயாக்கின் அடிப்பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர் இருக்கும். இரண்டு சுற்று போட்டால் 6 கிலோ கூடும். ஒரு ஆள் தோளில் தூக்குகிற ஓடத்துக்கு இது பெரிய பாரம். தூக்க முடியாவிட்டால் மணலில் இழுப்பீர்கள், இழுத்தால் மறுபடி தேயும்.

"சரி, அதே மேட்டை எப்பாக்சியில் போடலாமே" என்று தோன்றும். அதுவும் ஆகாது. மேட்டின் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எப்பாக்சியில் ஸ்டைரீன் இல்லை. பசை கரையாது, மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது, அடியில் காற்று தங்கும். நெய்த துணிதான் வேண்டும், அதே 200 கிராம் துணி.

கயாக்கைப் பழையதாக வாங்கி, எந்த ரெசினில் கட்டியது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி: ஒரு ஓரத்தில் 80 நம்பர் சாண்ட்பேப்பரால் வேகமாகத் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். பைபர் பட்டறையில் வரும் அந்தக் காரமான வாசனை வந்தால் பாலியெஸ்டர். எதுவாக இருந்தாலும் ரிப்பேரை எப்பாக்சியில் செய்யலாம். தேய்த்துச் சுத்தமாக்கிய பாலியெஸ்டர் மேல் எப்பாக்சி பிடிக்கும். தலைகீழாகச் செய்தால்தான் தொந்தரவு.

முதலில் சேதம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். கயாக்கைக் கவிழ்த்து வைத்து, வெளிறிய இடங்களில் ஈரத்துணியால் துடையுங்கள். ஈரம் பட்டதும் வெள்ளை மறைந்து மரம் பளிச்சென்று தெரிந்தால் மேல் ரெசின் மட்டும்தான் கீறியிருக்கிறது. ஈரம் பட்டும் வெள்ளையாகவே நின்றால் துணி மரத்தை விட்டுத் தூக்கியிருக்கிறது, அல்லது உள்ளே நொறுங்கியிருக்கிறது. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அடுத்து ஒரு ரூபாய் நாணயத்தால் அடி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்கும். பிரிந்த இடம் "பொத் பொத்" என்று மந்தமாகக் கேட்கும். கண்ணில் படாத பிரிவுகளை இது காட்டிக்கொடுக்கும். பின்முனையில் கறுத்த மரத்தைக் கூரான ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி ஏறாமல் நின்றால் அது வெறும் கறைதான். அழுத்தினாலே இறங்கினால், நார் நாராகப் பெயர்ந்தால், அந்த மரத்தை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு எப்பாக்சி ஊற்றினாலும் உளுத்த மரம் திரும்ப மரமாகாது.

வெட்ட வேண்டி வந்தால் நல்ல மரம் வரும் வரை, மூலை இல்லாமல் முட்டை வடிவத்தில் வெட்டுங்கள். மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். வெட்டின ஓரத்தை பிளைவுட்டின் கனத்தைப் போல 8 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டருக்கு 48 மில்லிமீட்டர். சரியாகத் தேய்க்கிறோமா என்பதை பிளைவுட்டே சொல்லும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டைகள் ஒரே அகலத்தில் இருந்தால் சரிவு சமமாக இருக்கிறது. அதே சரிவில் புதுத் துண்டு ஒன்றைச் செய்து பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியில் ஒட்டி, உள்பக்கம் பாலித்தீன் சுற்றிய பலகையை முட்டுக் கொடுத்து இறுக்குங்கள். உள்ளேயும் ஒரு துண்டுத் துணி ஒட்ட வேண்டும்.

மரம் கெட்டியாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம். ஆனால் காய வைக்கும் வேலை இருக்கிறது. இந்த ரிப்பேரில் பலர் தோற்பது இங்கேதான்.

உப்புத் தண்ணீர் குடித்த மரம் வெயிலில் வைத்தால் காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரவில் மறுபடி நனைந்துவிடும். நம் கடற்புறத்தில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் முதல் வேலை உப்பை எடுப்பது. நைந்த துணியை நீக்கி மரத்தைத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த கோணியையோ பழைய துண்டையோ அந்த இடத்தில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். எடுத்துக் கழுவி, மறுபடி போடுங்கள். மூன்று நாலு தடவை. பிறகு நிழலில், காற்று ஓடும் இடத்தில், கவிழ்த்து, தரையில் படாமல் இரண்டு முக்காலியின் மேல் வைத்து, ஹேட்ச் (மேல்தளத் திறப்பு) மூடிகளைத் திறந்து போடுங்கள். மின்விசிறி இருந்தால் வைக்கலாம். ஒரு வாரமாவது ஆகும். பிளைவுட்டின் வெட்டுமுனை நனைந்திருந்தால் மூன்று வாரம்கூட ஆகும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை மரத்தின் மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு பகல் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. தை கடைசியிலிருந்து பங்குனி நடுவரைதான் இதற்குத் தோதான காலம். இடவப்பாதியிலும் (வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்கு மழை) ஐப்பசி, கார்த்திகையிலும் ஆரம்பித்தால் காய வைப்பதே முடியாத வேலையாகிவிடும். வேலையைக் கரையில் செய்யாமல் உள்ளே தள்ளிக் கொண்டுவந்து செய்யுங்கள். கடற்காற்று கொண்டுவரும் உப்பும் மணலும் ஈரமான எப்பாக்சியில் ஒட்டினால் எடுக்க முடியாது.

துணியை எடுக்க ஹாட் ஏர் கன் நல்லது. எப்பாக்சி சூட்டில் இளகும். ஓரத்தில் லேசாகச் சூடேற்றி, பட்டி பார்க்கும் தகட்டை உள்ளே விட்டால் துணி தோல் உரிவதுபோல் வரும். கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். மரம் கருகும், பக்கத்தில் நன்றாக ஒட்டியிருக்கும் துணியும் இளகிப் பிரியும். தானாக உரிகிற வரைதான் உரிக்க வேண்டும். எங்கே பலமாக இழுக்க வேண்டியிருக்கிறதோ அங்கே நிறுத்திப் பிளேடால் வெட்டிவிடுங்கள்.

அடுத்தது தேய்ப்பது. அதற்கு முன்னால் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே பக்கமாகத் துடையுங்கள். கயாக்கில் பாலிஷ், எண்ணெய், மெழுகு எது பட்டிருந்தாலும் தேய்த்த பிறகு துடைத்தால் பயனில்லை. சாண்ட்பேப்பர் அதை மரத்துக்குள் அழுத்தியிருக்கும். பிறகு 80 நம்பர். தேய்ந்த பட்டையைச் சுற்றி 4 சென்டிமீட்டர் வரை பழைய பைபரைக் கத்தி முனைபோல் மெலிய வையுங்கள். விரலை மரத்திலிருந்து பைபர் பக்கம் ஓட்டினால் படி தட்டக்கூடாது. அதற்கு வெளியே வார்னிஷ் முழுக்கப் போய், பளபளப்பு இல்லாத மங்கலான பரப்பு வேண்டும். முழுக்கை சட்டை, என்95 முகக்கவசம், கண்ணாடி மூன்றும் அவசியம். கண்ணாடி இழைத் தூசு தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும், நுரையீரலில் போனால் அரிப்போடு நிற்காது.

இனி பொருட்கள். நடு அடிமுனை (அடியின் நடுவே ஓடும் கூர் விளிம்பு) நெடுக இரண்டு பட்டை போட வேண்டும்: முதலில் 8 சென்டிமீட்டர் அகலம், அதன் மேல் 12 சென்டிமீட்டர் அகலம். குறுகலானதை முதலில் போட்டால் மேலே உள்ள அகலப் பட்டை அதன் ஓரத்தை மூடிவிடும். கடைசியில் ஒரே ஒரு ஓரத்தைத்தான் தேய்த்துச் சமன் செய்ய வேண்டியிருக்கும். பெரியதை முதலில் போடுகிறவர்களும் உண்டு, இந்த இடத்துக்கு அது தேவையில்லை. பட்டைகளைத் துணியின் குறுக்கே 45 டிகிரி சாய்வில் வெட்டுங்கள். நேராக வெட்டிய துணி முனையின் மேல் மடங்காமல் தூக்கும், ஓரம் நூல் பிரியும். சாய்வாக வெட்டியது முனையைத் தழுவிப் படியும். ஒரு மீட்டர் அகலத் துணியில் சாய்வாக வெட்டினால் ஒரு பட்டை 1.4 மீட்டர்தான் வரும். ஒரு சுற்றுக்கு நாலு துண்டு, 5 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. மேல் சுற்றின் இணைப்பு கீழ்ச் சுற்றின் இணைப்பு மேல் வரக்கூடாது. 2 மீட்டர் துணி வாங்கினால் போதும். ஓரம் கட்டிய டேப் கிடைத்தாலும் வேண்டாம். அந்தத் தடித்த ஓரத்தைத் தேய்த்துச் சமன் செய்வது பெரும்பாடு.

இரண்டு சுற்றும் சேர்ந்து 0.9 சதுர மீட்டர், துணி எடை 180 கிராம். கையால் போடும்போது துணியின் எடைக்குச் சமமாக ரெசின் ஆகும்: 200 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். மரம் குடிப்பதற்கு 50 கிராம், பள்ளம் அடைக்க 80, மேலே மூன்று பூச்சுக்கு 220. கோப்பையில் ஒட்டுவது, சிந்துவது எல்லாம் சேர்த்தால் 700 கிராமுக்குள் முடியும். ஹார்டனரோடு (ரெசினை இறுக வைக்கும் திரவம்) சேர்த்து ஒரு கிலோ வாங்கினால் மிச்சமிருக்கும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது பாலியெஸ்டர்தான். "ரெசின்" என்று மட்டும் கேட்டால் அதைத்தான் தருவார்கள். எப்பாக்சி என்று வாய்திறந்து கேளுங்கள். கடினமான பொருள் ஒட்டும் சிறு ட்யூப் வேண்டாம். அது பசை, துணிக்குள் இறங்காது.

கலக்கும்போது பைபர் பட்டறைப் பழக்கம் ஒன்று பெரிய கேடு செய்கிறது. பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் (காய்வதைத் தூண்டும் திரவம்) கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் காயும், குறைத்தால் மெதுவாகக் காயும். எப்பாக்சி அப்படியில்லை. அங்கே ஹார்டனர் தூண்டிவிடுவது மட்டும் செய்யாது, ரெசினோடு கணக்காகக் கோத்துக்கொள்ளும் மறுபாதி அது. கூடினால் கூடிய ஹார்டனர் சேர ஆள் இல்லாமல் உள்ளேயே நிற்கும், குறைந்தால் ரெசின் நிற்கும். இரண்டிலும் பூச்சு ரப்பர்போல, பிசுபிசுப்பாகவே இருக்கும். சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. டப்பாவில் போட்டிருக்கும் கணக்கைத் துல்லியமாகப் பின்பற்றுங்கள். அது எடைக் கணக்கா, அளவுக் கணக்கா என்றும் பாருங்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும் எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும் எடையில் 100க்கு 10. அப்படியானால் 50 கிராம் ரெசினுக்கு 5 கிராம் ஹார்டனர். சமையலறைத் தராசு ஒரு கிராம் தவறினால் ஹார்டனரில் 20 சதவீதம் தவறு. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். இந்த ரெசின் தேன்போல் கெட்டி. டப்பாவைச் சுடுதண்ணீரில் சற்று வைத்தால் இளகும். தின்னர் ஊற்றி இளக்காதீர்கள், வலு போய்விடும்.

ஒரு தடவைக்கு 50, 60 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். 30 டிகிரி வெப்பத்தில் கோப்பையில் குவிந்து நிற்கும் எப்பாக்சி தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். 2 நிமிஷம், ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கி, உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். தெர்மாகோல் கோப்பை, மெழுகுத்தாள் கோப்பை வேண்டாம். தயிர் வாங்கிய பிளாஸ்டிக் கப் போதும். மிச்சமானதைக் குப்பையில் போடாமல், ஆறும் வரை வெறும் மண்ணில் வையுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டால் தின்னரால் துடைக்கக் கூடாது. அது எப்பாக்சியைத் தோலுக்குள் கொண்டுபோகும். உலர்ந்த துணியால் துடைத்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எப்பாக்சி ஒவ்வாமை ஒரு தடவை வந்தால் பிறகு ஒவ்வொரு தடவையும் வரும்.

நேரம்: சாயங்காலம் நாலு மணிக்கு மேல். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். புது எப்பாக்சியில் ஊசி முனை அளவு குமிழ்கள் வரிசையாக எழும். சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் காற்று சுருங்கும்போது மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முதலில் வெறும் மரத்தில் சாதா எப்பாக்சியைப் பூசுங்கள். கறுத்த இடமும் வெட்டுமுனையும் குடித்துக்கொண்டே இருக்கும். மங்கினால் மறுபடி பூச வேண்டும். அரை மணி கழித்து, பள்ளங்களை எப்பாக்சியில் சலித்த நைஸ் மரத்தூளும் கொஞ்சம் சிலிகா பொடியும் கலந்து அடையுங்கள். வடை மாவுப் பதம். தகட்டைக் கவிழ்த்தால் விழக்கூடாது. அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே துணி.

பட்டையைக் காய்ந்தபடியே முனையின் மேல் வைத்துக் கையால் நீவுங்கள். நடுவிலிருந்து தொடங்கி, ரெசினைக் கொஞ்சமாக ஊற்றி, பழைய ஏடிஎம் அட்டையால் இரண்டு பக்கமும் தள்ளுங்கள். வெள்ளைத் துணி கண்ணுக்கு முன்னால் மறைந்து மரம் தெரியும். வெள்ளைப் புள்ளி இருந்தால் ரெசின் போதவில்லை. பளபளவென்று கண்ணாடிபோல் மின்னினால் அதிகம். துணி மரத்தில் படியாமல் ரெசினில் மிதக்கிறது, வழித்து எடுங்கள். நெசவின் மேடு பள்ளம் தெரிய, மேல் பரப்பு சற்று மங்கலாக இருப்பதுதான் சரியான பதம். உடனே இரண்டாவது பட்டை. முனையின் கூர்மையில் துணி தூக்கும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து விரலால் அழுத்திவிடுங்கள்.

மேல் பூச்சு மூன்றையும் அன்று இரவே, முந்தையது விரலில் ஒட்டி ஆனால் நூல் இழுக்காத பதத்தில் இருக்கும்போது போட்டுவிட்டால் நடுவில் தேய்க்க வேண்டாம். விட்டுப்போய் மறுநாள் ஆகிவிட்டால், முதலில் நல்ல தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக் கழுவுங்கள். ஈரக் காற்றில் காய்ந்த எப்பாக்சியின் மேல் சோப்பு வழுக்கல்போல் ஒரு படலம் வரும். அதைக் கழுவாமல் தேய்த்தால் சாண்ட்பேப்பர் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சு பிடிக்காது. தின்னரில் அது போகாது, தண்ணீரில்தான் போகும்.

நாலைந்து நாள் கழித்து 120 நம்பரில் ஓரங்களைச் சமன் செய்யுங்கள். அரைகுறையாகக் காய்ந்த எப்பாக்சித் தூசுதான் ஒவ்வாமைக்கு முதல் காரணம், அவசரப்பட வேண்டாம். தேய்க்கும்போது கட்டம் கட்டமாக நெசவு எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் தேய்ப்பது போட்ட துணியை அறுப்பது.

எப்பாக்சிக்கு வெயில் ஆகாது. மூடாமல் விட்டால் மஞ்சளாகி, சுண்ணாம்புபோல் பொடிந்து, துணி வெளியே வரும். ஒரு வாரம் காய்ந்ததும் 220 நம்பரில் தேய்த்து, இரண்டு கலவை பாலியூரித்தேன் பெயின்ட் இரண்டு பூச்சு. மரம் தெரிய வேண்டுமென்றால் வெயில் தடுக்கும் வார்னிஷ் குறைந்தது மூன்று பூச்சு. சாதா எனாமலை நேரடியாக எப்பாக்சி மேல் அடித்தால் சில சமயம் நாள்கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

தேய்வுக்கு மூலகாரணம் நம் மணல். கடைசியாக ஒரு வார்த்தை அதைப் பற்றியும் வேண்டும். மணவாளக்குறிச்சி மணல் ஆலை பிரித்தெடுக்கும் இல்மனைட், கார்னெட், சிர்கான் எல்லாம் இந்தக் கரை மணலில் கலந்தே கிடக்கின்றன. சிவப்பாகத் தெரிகிற கார்னெட் சாண்ட்பேப்பர் செய்யவே பயன்படுகிற கல். கண்ணாடி இழையைவிடக் கடினம். கயாக்கை அந்த மணலில் பத்தடி இழுப்பதும், சாண்ட்பேப்பரால் ஒரு தேய் தேய்ப்பதும் ஒன்றுதான். எத்தனை சுற்று துணி போட்டாலும் மணல்தான் ஜெயிக்கும். அதனால் பின்முனையில் 60 சென்டிமீட்டரும் முன்முனையில் 40 சென்டிமீட்டரும் தேய்வதற்கென்றே ஒரு பட்டை போடுங்கள்: எப்பாக்சியில் சிலிகாவும் கிராபைட் பொடியும் தோசை மாவுப் பதத்தில் கலந்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, 4 சென்டிமீட்டர் அகலத்தில், 2 மில்லிமீட்டர் கனம் வரும் வரை மூன்று தடவையாக. பெயின்டுக்கு முன்னால், அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே இதை முடித்துவிடுங்கள். கறுப்பாக, வழவழப்பாக இருக்கும்; மேலே பெயின்ட் பிடிக்காது, தேவையுமில்லை, கிராபைட்டே வெயிலைத் தடுத்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை தேய்ந்த அளவுக்கு மேலே பூசினால் துணியைத் தொடவே வேண்டியிருக்காது. பொழிமுகத்தில் (காயல் கடலில் சேரும் வாயில்) இறங்கும்போது முட்டளவு தண்ணீரிலேயே இறங்கி, இரண்டு பேராகத் தூக்குங்கள், அல்லது இரண்டு சக்கரம் வைத்த வண்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். சிப்பி ஒட்டிய பாறை மேல் ஏற்றவே ஏற்றாதீர்கள். சிப்பியின் விளிம்பு ஒரே இழுப்பில் மரம் வரை கீறும்.

தண்ணீரில் இறக்கிய முதல் நாள் ஒரு மணி நேரத்தில் கரையேற்றி, ஹேட்ச் வழியாகக் கையை விட்டு, பின்முனையில் உள்பக்கம் காய்ந்த துணியால் தடவிப் பாருங்கள். துணி நனைந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஓலைக் கொட்டகை நிழலில் ஏற்றிவிடுங்கள். கசிவு பெரும்பாலும் பட்டை முடியும் இடத்தில், முனை மடங்கும் அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் இருக்கும்.